இந்தப் பகுதி அந்தப் பகுதியைப் போல் உள்ளது

கேட்டில் ஒருவரை நிறுத்தினால், ஏன் நிறுத்தியது என்பதை, நடையைப் பார்த்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் அந்த இடத்திலேயே காட்டியாக வேண்டும். வெளிநாட்டு பையர் போட்ட நிபந்தனை அது. காரணம் காட்டாத இயந்திரத்தை வைத்து ஆட்களைச் சோதனை போடும் கம்பெனியிடம் அவர்கள் பனியன் வாங்க மாட்டார்கள்.

அதனால் ஷிப்ட் முடிந்து வெளியே போகும் பெண்ணின் மேல் சிவப்பு விளக்கு எரிந்ததும் பக்கத்துத் திரை இரண்டாகப் பிரியும். இடது பாதியில் அவள் தெரிவாள். வலது பாதியில் இன்னொருத்தி, கழுத்திலிருந்து முழங்கால் வரை மட்டும் தெரிபவள், சில எட்டுகள் நடப்பாள். நடந்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து நடப்பாள். இரண்டு பேரின் இடது தோளையும் முழங்கையையும் சுற்றி மஞ்சள் கட்டம் விழும். கீழே ஒரு வரி வரும்: இந்தப் பகுதி அந்தப் பகுதியைப் போல் உள்ளது.

பிறகு அந்தப் பெண் திரைச்சீலைக்குப் பின்னால் போக வேண்டும். செக்யூரிட்டி அம்மா கையைத் தூக்கச் சொல்வாள். இடுப்பைத் தடவுவாள். சில நாள் சேலையை உதறச் சொல்வாள்.

வலது பாதியில் நடப்பவளுக்கு முகம் இல்லை. ஆனால் அது தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் ருக்குமணி என்று கம்பெனி முழுக்கத் தெரியும். கேட்டில் மாட்டுவதற்கு அவள் பேரையே வைத்துவிட்டார்கள்.

"உன்னைய இன்னைக்கு ருக்கு புடிச்சுதாடி?"

"புடிக்காம போகுமா? பஸ்ஸு கிளம்பற நேரம் பாத்துப் புடிச்சுது, நாசமாப் போறவ."

இதை அவர்கள் மெதுவாகச் சொல்வதில்லை. ருக்குமணி பக்கத்தில் நிற்கும்போதுதான் சொல்வார்கள்.

அவள் திருடியவள் அல்ல. சொல்லப்போனால் திருடாதவள் என்பதால்தான் இதில் சிக்கினாள். இயந்திரத்தைப் பொருத்திய நாளில் பர்சனல் மேனேஜர் சென்னியப்பன், திருடுகிறவர்கள் எப்படி நடப்பார்கள் என்று அதற்குக் காட்ட ஆள் தேடினார். அந்தக் கம்பெனியில் நடிப்பது புதிது இல்லை. ஆடிட்டுக்கு ஆள் வந்தால், தீப்பிடித்ததைப் போல் ஓடுவார்கள், ஓவர்டைம் பார்க்காதவர்களைப் போல் சிரிப்பார்கள். ஆனால் திருடியாக நடிக்க யாரைக் கூப்பிடுவது? கொஞ்சம் சந்தேகம் உள்ளவளைக் கூப்பிட்டால், "என்னைய ஏன் கூப்பிட்டீங்க?" என்று ரகளை ஆகும். அதனால் யாரும் தப்பாக நினைக்கவே முடியாத ஆளாகப் பார்த்தார்.

"ருக்குமணி, நீ வாம்மா. உன்னையத் திருடின்னா பச்சக்கொழந்தகூடச் சிரிக்கும்."

எல்லோரும் சிரிக்கத்தான் செய்தார்கள். அவள் இரண்டு பீஸை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தாள். பஸ்ஸில் எப்போதும் அவள் பக்கத்தில் உட்காரும் தெய்வானை கைதட்டிக்கொண்டே, "பத்தாது புள்ள, இன்னும் முழி!" என்று கத்தினாள். வாட்ச்மேனும் அயர்ன் மாஸ்டரும்கூட நடந்து காட்டினார்கள். அன்றைக்கு டீயோடு எல்லோருக்கும் பன் கொடுத்தார்கள்.

அடுத்த வாரமே பெண்கள் மாட்டத் தொடங்கினார்கள். யாரிடமும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் மாட்டினார்கள். ருக்குமணியை மட்டும் இயந்திரம் நிறுத்தவில்லை. நடித்துக் கொடுத்தவளே மாட்டுவது நியாயமில்லை என்று சென்னியப்பன் அவள் நம்பருக்கு விலக்குப் போட்டிருந்தார். அவர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அவளைப் போல் நடக்கிறார்கள் என்று மற்றவர்களின் சேலையை உதறிக்கொண்டிருக்க, அவள் பச்சை விளக்கில் நேராகப் போய்க்கொண்டிருந்தாள்.

தெய்வானை மாட்டிய நாளில் திரைச்சீலை சரியாக மூடியிருக்கவில்லை. லோடு ஏற்ற வந்த ஆட்கள் பார்த்தார்கள். அதில் ஒருவன் அவள் ஊர்க்காரன். அன்று அவள் பஸ்ஸில் ஏறி, ருக்குமணி பக்கத்தில் இருந்த இடத்தைப் பார்த்தாள், நின்றுகொண்டே வந்தாள்.

"உக்காருக்கா," என்றாள் ருக்குமணி.

"நல்லா நடிச்ச புள்ள நீ. உனக்குக் கைதட்டினம் பாரு, எங்களுக்கு வேணும்."

அந்த இடத்தில் அதற்குப் பிறகு யாரும் உட்காரவில்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான். பொறுக்க முடியாதது வீட்டில் இருந்தது. அவள் மகள் தர்ஷினி அதே கம்பெனியில் கைமடிக்க வந்தவள். டெய்லர் தைக்கத் தைக்கத் துணியை மடித்து எடுத்து அடுக்கும் வேலை. பத்தொன்பது வயது. பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா கிடக்கும் மெஷினில் உட்கார்ந்து வேஸ்ட் துணியில் தைத்துப் பழகி, கழுத்துப்பட்டி பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். மற்றவர்களில் சிலர் அடிக்கடி மாட்டினார்கள், சிலர் எப்போதாவது. தர்ஷினி தினம் மாட்டினாள்.

"கேட்டுல மொதல்ல சுத்தமாகு. அப்புறம் மெஷின்ல உக்காரலாம்னு சொல்லிட்டாரு சூப்பர்வைசரு," என்றாள் தர்ஷினி ஒரு சாயங்காலம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எனக்கப்புறம் வந்தவ உக்காந்துட்டா. அவ பல்லக் காட்டிட்டு எங்கிட்ட நூல்கண்டு எடுத்துக் குடுங்கறா."

"நான் போய்ச் சொல்லட்டுமா, கண்ணு?"

"நீ போய்ச் சொல்லப் போறியா? நீ கேட்டுப் பக்கம் போகாம இருந்தாலே போதும். நீ ஏம்மா அப்படி நடக்கறே?"

"எப்படி?"

"தோள ஒடிச்சுக்கிட்டு, கக்கத்துல கோழிக்குஞ்சு வெச்சவளாட்டம். உனக்கென்ன, நின்னு நின்னு பாத்த வேல, தோளு எறங்கிப்போச்சு. எனக்கென்ன கேடு? இந்த வீட்டுல நடந்து காட்ட வேற யாரு இருந்தா? உன்னையப் பாத்துத்தான நடக்கப் பழகுனேன்."

ருக்குமணி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து தர்ஷினி வேறு மாதிரி நடந்து பழகினாள். ஒரே அறை வீடு. அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் போவாள், திரும்புவாள். இடது தோளைத் தூக்கினாள். இடது கையை, தண்ணீர் நிறைந்த பக்கெட்டைப் பிடித்திருப்பவளைப் போல், உடம்பை விட்டு விலக்கிப் பிடித்தாள். வலது கையை வீசினாள். கம்பெனியில் அடிக்கடி மாட்டுகிற மற்றப் பெண்களும் இப்படித்தான் ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு விறைப்பு. ஆனால் தர்ஷினியைப் போல் யாரும் கவனமாகச் செய்யவில்லை. பக்கெட் நடை நடந்த நாளில் இயந்திரம் அவளை விட்டது. களைப்பில் கை தொங்கிப்போன நாளில் பிடித்தது.

பழகும்போது அம்மா தன்னைப் பார்த்தால் நிறுத்திவிடுவாள்.

"பாக்காத. மறுபடி ஒட்டிக்கும்."

ஒரு சனிக்கிழமை, பஸ்ஸில் வைத்து அவர்கள் ருக்குமணியின் கையைக் கட்டினார்கள். தெய்வானைதான் தொடங்கினாள். மடியிலிருந்து, பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணி நாடா ஒன்றை எடுத்தாள். இன்னும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். இடது முழங்கையை உடம்போடு சேர்க்க முடியாதபடி, ஒரு கட்டையைக் கக்கத்தில் வைத்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள்.

"இப்படியே நடந்து பழகு. நீ மாறினா அதுவும் மாறுதான்னு பாக்கலாம்."

"அக்கா, வலிக்குது."

"எங்களுக்கு மட்டும் இனிக்குதாக்கும்?"

டிரைவர் கண்ணாடியில் பார்த்தான், பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான். ருக்குமணி கத்தவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த தர்ஷினியின் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தலை ஒரு முறை திரும்பியது. பார்த்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

திங்கட்கிழமை ருக்குமணி செக்கிங் டேபிளுக்குப் போகவில்லை. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆதிரை கோயம்புத்தூரிலிருந்து வாரம் ஒரு நாள் வருவாள். அவள் உட்காரும் கண்ணாடி அறை வாசலில் போய் நின்றாள். ஆதிரைக்கு இருபத்தைந்து இருக்கும். ருக்குமணியின் கையில் கன்றியிருந்த தடத்தைப் பார்த்துவிட்டு லேப்டாப்பைப் பார்த்தாள்.

"இத நான் செய்யலீங்க," என்றாள்.

"நீ செஞ்சேன்னு நான் சொல்லலையே, சாமி. மூணு பேரு நடிச்சம். அந்த ரெண்டு பேர விட்டுட்டு என்னைய மட்டும் எதுக்குப் புடிச்சு வெச்சிருக்குது? அதச் சொல்லு."

ஆதிரை மேசையில் கிடந்த பனியன் ஒன்றைத் தொட்டுக் காட்டினாள்.

"உங்களுக்கு பையர் சீல் போட்ட சாம்பிள் பீஸ் குடுப்பாங்கல்ல? அதப் பாத்துத்தான் ஒவ்வொரு பீஸையும் செக் பண்ணுவீங்க. இதுவும் அப்படித்தாங்க. உள்ள சில சாம்பிள் வெச்சிருக்கும். வர்ற ஆள அதோட ஒப்பிடும். அந்த சாம்பிள் மொதல்ல எங்கிருந்து வரும்? நாமதான் ஏதோ ஒண்ணக் குடுத்து ஆரம்பிச்சு வெக்கணும். நெசமாத் திருடினவங்க வீடியோ ஒண்ணுகூட இல்ல. அதனால நீங்க மூணு பேரு நடந்தத வெச்சு ஆரம்பிச்சோம்."

"அப்ப அவிங்க ரெண்டு பேரு?"

"ஆரம்பிச்ச எடத்துலயே சாம்பிள் நிக்காதுங்க. எல்லாரோட நடையையும் காட்டக் காட்ட அது கொஞ்சங் கொஞ்சமா நகரும். உபயோகமானது பலமாகும், உபயோகமில்லாதது செத்துரும். இங்க போறது வர்றது பூரா பொம்பளைங்க. அந்த ஆம்பளைங்க சாம்பிள் யாரோடயும் ஒட்டல, செத்துப்போச்சு. உங்களுது பொழச்சுது. ஆனா நகர்ந்து நகர்ந்து அது வெறும் கணக்கா ஆகாசத்துல நிக்கும். திரையில காட்ட முடியாது. அதனால கடைசில பக்கத்துல இருக்கற நெச ஆளு ஒருத்தர் மேல கொண்டுபோய் உக்கார வெக்கணும். அங்க நீங்கதான் இருந்தீங்க."

"நான் இடுப்புல துணி வெச்சிருந்தனே. அதப் படிக்காம எந் தோள எதுக்குப் படிச்சுது?"

"உங்கள அது அந்த ஒரு தடவைதான் பாத்துச்சு. எது திருட்டு, எது நீங்கன்னு அதுக்குப் பிரிக்கத் தெரியலீங்க."

ருக்குமணி வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"எடுத்துரு," என்றாள்.

"மேனேஜர் சொல்லணும்."

சென்னியப்பன் சொல்லவில்லை. "உன்னைய மெஷினு நிறுத்துச்சா? திருடின்னு எவனாச்சும் எழுதி வெச்சானா? அப்புறம் உனக்கென்னம்மா வலி?" என்றார். அவள் அவர் அறை வாசலிலேயே தரையில் உட்கார்ந்தாள். அடுத்த நாளும் உட்கார்ந்தாள். ஆடிட்டர்கள் வருகிற வாரம் அது. வாசலில் கன்றிய கையோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பது அவருக்குத் தோதாக இல்லை. கடைசியில், "பழசு பூராத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் படிக்க வெச்சுத் தொலை," என்று ஆதிரையிடம் போனில் எரிந்து விழுந்தார்.

இந்தத் தடவை யாரும் நடிக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை மாதமாகக் கேட்டில் பதிவான நடைகள் எல்லாம் இருந்தன. எது நல்ல பக்கம், எது சந்தேகப் பக்கம் என்று சென்னியப்பனே பிரித்துக் கொடுத்தார். அடிக்கடி மாட்டியவர்கள் ஒரு பக்கம். மாட்டாதவர்கள் ஒரு பக்கம். மாட்டிய நாள், மாட்டாத நாள் என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. ஆளைப் பார்த்துப் பிரித்தார்.

"கையால யாரையும் எடுக்கலீங்க," என்றாள் அடுத்த வாரம் வந்த ஆதிரை, ருக்குமணிக்குச் சந்தோஷமாகச் சொல்வதாக நினைத்து. "அதுவே நடையெல்லாம் குவியல் குவியலாச் சேத்து, ஒவ்வொரு குவியல் நடுவுலயும் ஆரம்பிச்சுக்குது. உங்கள இத்தன மாசத்துல ஒரு நாள்கூட நிறுத்தல பாருங்க, அதனால உங்க நடை இப்ப நல்ல பக்கத்துல இருக்கு. விலக்கு எல்லாம் எடுத்தாச்சு. இனி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

ருக்குமணி அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டாள். தர்ஷினி எந்த மெஷினில் உட்காருவாள் என்று எண்ணிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் இருந்தால் வெளிச்சம் நன்றாக இருக்கும்.

சாயங்காலம் செக்கிங்கும் பேக்கிங்கும் முதலில் வெளியே வந்தன. தையல் பிரிவு கடைசியில்தான் வரும். திரையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கக் கேட்டில் கூட்டம் நெருக்கியது. சென்னியப்பன் நின்றார். ஆதிரை லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். முதலில் வந்த பேக்கிங் பெண்ணுக்கே சிவப்பு எரிந்தது. அடிக்கடி மாட்டுகிறவர்களில் ஒருத்தி. தோளை விறைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

திரை பிரிந்தது.

வலது பாதியில் கம்பெனி கோட்டுப் போட்ட ஒருத்தி நடந்தாள். முகம் இல்லை. இடது தோள் தூக்கியிருந்தது. இடது கை, நிறைந்த பக்கெட்டைப் பிடித்ததைப் போல், உடம்பை விட்டு விலகி நின்றது. வலது கை வீசியது.

அவள் இரண்டாவது எட்டு வைப்பதற்குள் ருக்குமணிக்குத் தெரிந்துவிட்டது. மாட்டாமல் இருக்கப் பாடுபட்டவர்களின் நடையெல்லாம் ஒரே குவியலாகிப் போயிருக்கிறது. அதன் நடுவில், எல்லோரையும்விடப் பாடுபட்டவளைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறது.

"யாருடி இது?"

"சின்னப் புள்ளையாட்டம் இருக்குது."

"கைமடிக்கற புள்ளைங்கள்ல ஒருத்தி. இடுப்பப் பாரு."

"வெளிய வரட்டும்," என்றாள் தெய்வானை. அவள் குரலில் ஒரு புது உற்சாகம் இருந்தது. "ஒவ்வொருத்தியா நடக்க விடலாம். யாருன்னு தெரிஞ்சிரும்."

உள்ளே தையல் பிரிவின் மெஷின் சத்தம் நின்றது.

"நாந்தான்," என்றாள் ருக்குமணி.

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"உன்ற நடை இதில்லையே."

"மாத்திக்கிட்டேன். நீதானக்கா மாத்தச் சொன்ன? கையக் கட்டிப் பழக்கிவுட்ட."

ஆதிரை லேப்டாப்பைப் பார்த்தாள். "இல்லைங்க, இந்த நம்பர் வந்து..."

"எந் நம்பர்தான் சாமி அது. நல்லாப் பாத்துச் சொல்லு."

ஆதிரை நிமிர்ந்தாள். ருக்குமணியின் முகத்தைப் பார்த்தாள். உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்த பெண்களைப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பை மூடினாள்.

"ஆமா. அவங்கதான்."

"அப்ப நடந்து காட்டு," என்றாள் தெய்வானை.

ருக்குமணி அந்த நடையை ஒருநாளும் நடந்ததில்லை. அடுப்படியிலிருந்து பார்த்ததோடு சரி. தோளைத் தூக்கினாள். கன்றியிருந்த இடத்தில் சுரீர் என்றது. கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையை வீசி, அத்தனை பேர் முன்னால் கேட்டைப் பார்த்து நடந்தாள்.

சிவப்பு எரிந்தது. இந்தப் பகுதி அந்தப் பகுதியைப் போல் உள்ளது.

கூட்டம் ஹோவென்று இரைந்தது. யாரோ காறித் துப்பினார்கள். "எந்தச் சட்டையப் போட்டாலும் கழுத இதுதான்," என்று ஒருத்தி சொல்ல, சென்னியப்பனே சிரித்துவிட்டார். தெய்வானை மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை எளிதாக முடிந்துவிட்டதே என்பதைப் போல் நின்றாள்.

செக்யூரிட்டி அம்மா ருக்குமணியைத் திரைச்சீலைக்குப் பின்னால் தள்ளினாள். சீலையில் அந்த இடைவெளி இன்னும் இருந்தது. அதன் வழியே தையல் பிரிவு வருவது தெரிந்தது. தர்ஷினி கடைசிக்கு முந்தியவளாக வந்தாள். தூரத்திலிருந்தே இடது தோளைத் தூக்கத் தொடங்கியிருந்தாள்.

"வா தாயி, வா," என்று கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. "பழைய ஆளுதான் மறுபடியும். உன்ற அம்மாளப் பாரு, எப்படிக் கெளம்பிருக்கறான்னு." ஒருத்தி கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

தர்ஷினி திரையைப் பார்த்தாள். வலது பாதியில் நடந்தவள் நடந்து முடித்தாள், மறுபடி தொடங்கினாள். தர்ஷினி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கருமம்," என்றாள் தர்ஷினி. "மனுசி நடப்பாளா இப்படி?"

தூக்கியிருந்த தோளை உதறிக் கீழே விட்டாள். விலக்கி வைத்திருந்த கையும் தொங்கி, முழங்கை விலாவோடு வந்து ஒட்டிக்கொண்டது. அப்படியே நடந்தாள்.

பச்சை எரிந்தது.

அவள் இரண்டு எட்டு தாண்டிப் போய் நின்றாள். நம்பாமல் விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு திரைச்சீலையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"என்னைய வுட்டுருச்சு. கேட்டுச்சா? உன்னைய மாதிரி இல்லையாமா நானு. நாளைக்கு மெஷின்ல உக்காரப் போறேன். கேட்டுக்கிட்ட எங்கூட வராத."

திரும்பி பஸ்ஸை நோக்கிப் போனாள். இடது தோள் சற்றே இறங்கி, முழங்கை உடம்போடு ஒட்டி, தலை ஒரு பக்கம் சாய்ந்து, அச்சு அசலாக அம்மாவைப் போலவே போனாள்.

"என்ன வேடிக்கை அங்க?" என்றாள் செக்யூரிட்டி அம்மா. "இன்னொரு கையையும் தூக்கு."

ருக்குமணி தூக்கினாள்.